அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்

"அமெரிக்க வரலாற்றில் மறைக்கப்பட்ட உண்மைகள் புதிய ஆதாரங்களால் வெளியே வருகின்றன என்கிறார்களே, உண்மையிலேயே அப்படி ஏதாவது வந்திருக்கிறதா? இல்லை, எல்லாம் பரபரப்புக்காகச் சொல்வதுதானா?" என்பது கேள்வி.

வந்திருக்கிறது, நிறையவே. ஆனால் பல ஆண்டுகளாக இதைப் படித்துவருகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைக்கப்பட்டவை என்று நாம் பேசும் உண்மைகளில் பெரும்பாலானவை பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளில் மறைவாக இருந்ததே இல்லை. பாட்டி பேரனுக்குச் சொன்னாள், அவன் தன் பிள்ளைகளுக்குச் சொன்னான். சிலர் துணிந்து பத்திரிகையிலேயே சொன்னார்கள். வரலாறு எழுதியவர்கள்தான் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் எலும்போ மரபணுவோ ஆற்றுச் சேற்றில் கிடந்த மரத்துண்டோ அதையே சொன்னபோது, மறுக்க வழியில்லாமல் போயிற்று.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் தாமஸ் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி, வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர்களில் ஒருத்தி சாலி ஹெமிங்ஸ். அவள் ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறைகூட அல்ல, ஒரே தகப்பனுக்குப் பிறந்த தங்கை. தகப்பன் ஜான் வேல்ஸ் எஜமான், தாய் அவருடைய அடிமை. மார்த்தா இறந்த பிறகு, 1787-ல், ஜெஃபர்சனின் மகளுக்குத் துணையாகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டபோது சாலிக்கு 14 வயது. ஜெஃபர்சன் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்தார். 1789-ல் இருவரும் வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள்.

ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோதே, 1802-ல், ரிச்மண்ட் நகரப் பத்திரிகை ஒன்றில் ஜேம்ஸ் காலெண்டர் இந்த உறவைப் பற்றி எழுதினார். அவர் ஜெஃபர்சன்மேல் பகை கொண்டவர் என்பதால் அதை அவதூறு என்று தள்ளிவிடுவது எளிதாக இருந்தது. ஆனால் 1873-ல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் ஒஹையோ மாநிலத்துப் பத்திரிகை ஒன்றுக்குத் தன் வாழ்க்கையைச் சொன்னார். அப்போது அவருக்கு 68 வயது, தச்சுவேலை செய்து பிழைத்தவர். தானும் தன் உடன்பிறந்தோரும் ஜெஃபர்சனின் பிள்ளைகள் என்று நேரடியாகச் சொன்னார். பிரான்சில் அடிமைமுறை செல்லாது, அங்கேயே இருந்தால் விடுதலை. அதனால் தன் தாய் திரும்பிவர மறுத்தார் என்றும், பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்களித்த பிறகே வந்தார் என்றும் சொன்னார். பிள்ளைகள் நால்வர் வளர்ந்து ஆளானார்கள். நால்வருக்குமே விடுதலை கிடைத்தது. மூத்தவர்களான பெவர்லியும் ஹாரியட்டும் 1822 வாக்கில் ஜெஃபர்சனின் பண்ணை மாளிகையான மான்டிசெல்லோவை விட்டுப் போனார்கள், யாரும் தேடிப் பிடிக்கவில்லை. மேடிசனும் எஸ்டனும் 1826-ல் ஜெஃபர்சனின் உயிலால் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு தாயின் பிள்ளைகள் அத்தனை பேரும் விடுதலை பெற்றது அந்தப் பண்ணையில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் நடக்கவில்லை.

இவ்வளவும் கண்முன் இருந்தும், நூறாண்டுகளுக்கு மேல் வரலாற்றாசிரியர்கள் மேடிசனை நம்பவில்லை. "இப்படிச் செய்வது ஜெஃபர்சனின் குணத்துக்கே பொருந்தாது" என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான காரணம். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் பழியை அவருடைய சகோதரி மகன்களான கார் சகோதரர்கள்மேல் போட்டார்கள். எஜமான் வீட்டுப் பேச்சு வரலாறாக ஏறியது, அடிமை வீட்டுப் பேச்சு வதந்தியாக நின்றது. 1997-ல் அனெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியர் இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரு வழக்கில் எடைபோடுவதுபோல எடைபோட்டு, ஹெமிங்ஸ் குடும்பத்தின் சொல்லை எவ்வளவு இலகுவாகத் தள்ளியிருக்கிறார்கள் என்று காட்டினார். மரபணு முடிவு வருவதற்கு ஒரு வருடம் முன்பே! இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். நேர்மையாகப் படித்திருந்தால் பழைய காகிதங்களே போதுமானவையாக இருந்தன.

1998 நவம்பரில் மரபணு முடிவு வந்தது. யூஜின் ஃபாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் எடுத்த முயற்சி அது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்கும். ஜெஃபர்சனின் மனைவிக்குப் பிறந்த ஒரே மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டதால், அவருடைய சித்தப்பாவோ பெரியப்பாவோ வழிவந்த ஆண் வாரிசுகளைத் தேட வேண்டியிருந்தது. தந்தையின் உடன்பிறந்தவரான ஃபீல்ட் ஜெஃபர்சனின் வழிவந்த ஐந்து பேரின் ரத்தத்தை எடுத்து, சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசு ஒருவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போயிற்று. கார் சகோதரர்களின் வழி ஒத்துப்போகவில்லை. பேரப்பிள்ளைகள் சொன்ன கதை அன்றோடு முடிந்தது.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்தச் சோதனை சொன்னது, எஸ்டனின் தகப்பன் ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் என்பதை மட்டும்தான். தாமஸ்தான் என்று தனித்துக் காட்ட அதனால் முடியாது, தம்பி ராண்டால்ஃபுக்கும் அதே ஒய் குரோமோசோம்தான். முடிவை வெளியிட்ட அறிவியல் இதழின் தலைப்போ, ஜெஃபர்சனே தகப்பன் என்று அடித்துச் சொல்லிவிட்டது. அது ஆதாரம் தாங்குவதைவிட அதிகம். இடைவெளியை நிரப்பியது மரபணு அல்ல, நாட்குறிப்புகள். ஜெஃபர்சன் எப்போது ஊரில் இருந்தார், எப்போது வெளியூர் போனார் என்பது நாள்வாரியாகத் தெரியும். சாலியின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கருவுற்ற காலத்தில் அவர் மான்டிசெல்லோவில் இருந்தார். அவர் இல்லாத காலத்தில் அவளுக்கு ஒரு கர்ப்பம்கூட இல்லை. மேடிசனின் வாக்குமூலம், பயணப் பதிவு, நால்வரின் விடுதலை, மரபணு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான், மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000-ல் ஆறு பிள்ளைகளுக்குமே ஜெஃபர்சன் தகப்பனாக இருக்கவே பெரிதும் வாய்ப்பு என்று அறிவித்தது.

சாலி வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை, மாளிகையின் தெற்குப் பக்கக் கட்டடத்தில் இருக்கிறது. 1941-ல் அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கான கழிப்பறையாக மாற்றியிருந்தார்கள். அதை இடித்து, தரையைத் தோண்டிப் பார்த்து, 2018-ல் அவளுடைய அறையாகத் திறந்தார்கள். சாலியின் உருவப்படம் ஒன்றுகூட இல்லை. அவள் கைப்பட எழுதிய ஒரு வரிகூட இல்லை.

சில சமயம் ஆள்பவர்களே எழுதி வைத்ததைக்கூட நம்ப மறுத்திருக்கிறார்கள். ஜேம்ஸ்டவுன் கதை அப்படிப்பட்டது. 1607-ல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் அமைத்த அந்தக் குடியேற்றத்தில், 1609-10 குளிர்காலத்தில் கடும் பஞ்சம். சுமார் 300 பேரில் வசந்தம் வந்தபோது மிஞ்சியவர்கள் 60 பேர். குதிரை, நாய், எலி, பாம்பு, செருப்புத் தோல் என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தபின் பிணங்களையும் தின்றார்கள் என்று, அப்போது தலைவராக இருந்த ஜார்ஜ் பெர்சியே எழுதினார். லண்டனில் குடியேற்றத்தை நடத்திய கம்பெனி அதை மறுத்தது. பின்னால் வந்தவர்களிலும் பலர் மிகைப்படுத்தல் என்றே நினைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த கோட்டையே ஆற்றில் கரைந்துபோய்விட்டது என்றுகூட நம்பியிருந்தார்கள், 1994-ல் தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ தோண்டத் தொடங்கி அதன் வேலிக்கம்புகள் நின்ற தடத்தைக் காட்டும்வரை.

2012-ல் அந்தக் கோட்டைக்குள் ஒரு நிலவறையைத் தோண்டினார்கள். குப்பை கொட்டி மூடிய நிலவறை. குதிரை, நாய் எலும்புகளுக்கு நடுவே ஒரு மண்டையோட்டின் பகுதியும் ஒரு கால் எலும்பும் கிடைத்தன. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டக்ளஸ் ஔஸ்லி அவற்றை ஆராய்ந்தார். சுமார் 14 வயதுப் பெண். நெற்றியில் அருகருகே நான்கு வெட்டு, நான்குமே ஆழமில்லாதவை. வெட்டிய கை தயங்கியிருக்கிறது, அல்லது பழக்கமில்லாத கை. பிறகு தலையைத் திருப்பிப்போட்டுப் பின்மண்டையில் ஓங்கி வெட்டியதில் மண்டை பிளந்திருக்கிறது. இடது பொட்டில் கூரான கருவியால் நெம்பிய தடம். தாடை எலும்பின் ஓரத்தில் கத்தியால் சதையைச் சுரண்டிய மெல்லிய கோடுகள். அவள் இறந்த பிறகு நடந்தவை இவை. எப்படி இறந்தாள் என்பதற்கு எலும்பில் பதில் இல்லை. அந்த நான்கு சின்ன வெட்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். வெட்டியவனும் பசியால் செத்துக்கொண்டிருந்தவன்தானே. அவளுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஜேன் என்று பெயர் வைத்தார்கள். உண்மைப் பெயர் தெரியாது.

லிட்டில் பிக்ஹார்ன் போரையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில் அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரும் அவரோடு நேராக நின்ற சுமார் 210 படைவீரர்களும் லக்கோட்டா, செயேன் பூர்வகுடி மக்களின் கையில் மாண்டார்கள். கடைசி மனிதன்வரை அணி குலையாமல் நின்று போரிட்டார்கள் என்பது வெள்ளை அமெரிக்கா தனக்குச் சொல்லிக்கொண்ட கதை. அங்கே சண்டையிட்ட பூர்வகுடிகளோ, பல இடங்களில் படை குழம்பிச் சிதறியது என்று சொன்னார்கள். லக்கோட்டா வீரர் ரெட் ஹார்ஸ் 1881-ல் அந்தப் போரைப் படம் படமாகவே வரைந்து கொடுத்தார். 1983-ல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. மறுவருடம் தொல்லியலாளர்கள் ரிச்சர்ட் ஃபாக்ஸ், டக்ளஸ் ஸ்காட் குழுவினர் உலோகத்தைக் கண்டறியும் கருவிகளோடு இறங்கினார்கள். துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் பதிக்கும் தழும்பு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு. அதை வைத்து ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தடம் பிடித்தார்கள். அடுக்கடுக்காகச் சுடும் துப்பாக்கிகள் பூர்வகுடிகள் கையில் ஏராளம் இருந்தன என்பதும், ஒழுங்கான அணி பல இடங்களில் உடைந்தது என்பதும் தெரிந்தது. வரைந்து கொடுத்தவர் சொன்னது நூறு வருடம் கழித்துத் தோட்டா உறைகளில் படித்தறியப்பட்டது.

அலபாமாவின் மொபைல் நகரத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808-லேயே தடைசெய்துவிட்டது. 1820 முதல் அது கடற்கொள்ளைக்குச் சமமான குற்றம், மரண தண்டனை வரை போகலாம். இருந்தும் 1860-ல் டிமோதி மேயர் என்ற பணக்காரர், தன்னால் முடியும் என்று பந்தயம் கட்டி, வில்லியம் ஃபாஸ்டர் என்ற மாலுமியின் தலைமையில் க்ளோடில்டா என்ற பாய்மரக்கப்பலை மேற்கு ஆப்பிரிக்காவின் வீடா துறைமுகத்துக்கு அனுப்பினார். ஏறத்தாழ 110 பேரைக் கொண்டுவந்து இரவோடு இரவாக இறக்கிவிட்டு, தடயம் அழியக் கப்பலைக் கொளுத்தினார்கள். வழக்கு நடந்தது, ஆள்கடத்தலுக்காக யாருக்கும் தண்டனை இல்லை.

ஐந்து வருடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. ஊருக்குத் திரும்பக் காசில்லை. "எங்களை இங்கே கொண்டுவந்தவர் நீங்கள், கொஞ்சம் நிலமாவது கொடுங்கள்" என்று மேயரிடமே கேட்டார்கள். அவர் மறுத்தார். மரம் அறுக்கும் ஆலைகளில் உழைத்துச் சேர்த்த காசில் நிலம் வாங்கி ஒரு ஊரை உண்டாக்கினார்கள். அதுதான் ஆஃப்ரிக்காடவுன். அவர்களில் கட்ஜோ லூயிஸ் என்று அழைக்கப்பட்ட கொசோலா 1935 வரை உயிரோடு இருந்து, தன்னைப் பிடித்துக்கொண்டு போன நாளையும் கடல் கடந்ததையும் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். இருந்தும், கப்பல் கிடைக்காத வரை, "அது ஒரு கட்டுக்கதை" என்று சொல்கிறவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள்.

2018 ஜனவரியில் பென் ரெய்ன்ஸ் என்ற பத்திரிகையாளர் மொபைல் நதிமுகத்தில் ஒரு கப்பல் சிதைவைக் கண்டு, இதுவாக இருக்கலாம் என்றார். நிபுணர்கள் அளந்து பார்த்து, இது ரொம்பப் பெரிது, இது அல்ல என்றார்கள். அவர் தவறை ஒப்புக்கொண்டு மீண்டும் தேடினார். அடுத்துக் கிடைத்த சிதைவின் அளவு, 86 அடி நீளம் 23 அடி அகலம் என்று க்ளோடில்டாவின் பதிவேட்டில் இருந்ததோடு ஒத்துப்போனது. கப்பலின் சட்டகம் வெள்ளை ஓக் மரம், பலகைகள் தெற்கத்திப் பைன் மரம், பதிவில் இருந்தபடியே. மரம் கருகியிருந்தது. எல்லாவற்றையும் வேறு நிபுணர்களும் சரிபார்த்த பிறகு 2019 மே மாதம் அலபாமா வரலாற்று ஆணையம் அறிவித்தது. கப்பலின் பெரும்பகுதி சேற்றுக்குள் இன்னும் சிதையாமல் இருக்கிறது.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, பரபரப்பா உண்மையா என்பதற்கு, இந்தக் கப்பல் தேடலே பதில். முதல் சிதைவைத் தவறு என்று சொல்ல ஒரு அளவுகோல் இருந்தது, சொன்னபோது கேட்டுக்கொள்ளும் மனமும் இருந்தது. பரபரப்புக்காகச் சொல்பவர்களிடம் இந்த இரண்டும் இருக்காது. மின்னசோட்டாவில் 1898-ல் ஒரு விவசாயி நிலத்தில் கிடைத்த கென்சிங்டன் கல்லில் 1362-ல் நார்வே நாட்டவர் வந்ததாக எழுதியிருக்கிறது. மொழி வல்லுநர்களில் பெரும்பாலோர் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலி என்று காட்டிய பிறகும், அதை நம்புகிறவர்கள் இன்றும் விடவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் எந்தச் சாட்சியும் இல்லை, பின்னால் துணைக்கு வந்த ஆதாரமும் இல்லை. ஏதாவது ஒரு காணொளி "இதுவரை யாருக்கும் தெரியாத ரகசியம்" என்று தொடங்கினால், இதை முன்பு யார் சொன்னார்கள், எந்த இடத்தில் தோண்டலாம், யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக டல்சா. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் பகுதி செழிப்பாக இருந்தது. கடைகள், தியேட்டர், மருத்துவமனை, பத்திரிகை எல்லாம் அவர்களுடையவை. 1921 மே 30 அன்று டிக் ரோலண்ட் என்ற, செருப்புக்குப் பாலிஷ் போடும் இளைஞன், லிஃப்டில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று குற்றச்சாட்டு. மறுநாள் மாலைப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. அன்றிரவு தொடங்கி ஜூன் 1 வரை வெள்ளையர் கூட்டம் 35 தெருக்கட்டங்களைக் கொளுத்தியது. சுமார் 10,000 பேர் வீடிழந்தார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 36 பேர், பின்னர் வந்த மதிப்பீடுகள் 100 முதல் 300 வரை போகின்றன. ரோலண்ட்மேல் இருந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டது.

அதற்கு ‘கலவரம்’ என்று பெயர் வைத்தார்கள். கலவரச் சேதத்துக்குப் பணம் தருவதில்லை என்ற விதியைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. பள்ளிப் பாடத்தில் பல பத்தாண்டுகள் இந்தச் சம்பவமே இல்லை. மே 31-ம் தேதிப் பத்திரிகையை மைக்ரோஃபிலிமில் படியெடுக்கும் முன்பே, முதல் பக்கத்திலிருந்த அந்தச் செய்தியை யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள். தலையங்கப் பக்கத்தின் ஒரு பகுதியும் கிழிக்கப்பட்டிருந்தது. படச்சுருளில் அந்த இடத்தில் வெறும் ஓட்டை. நான் ‘மறைத்தல்’ என்ற சொல்லை எச்சரிக்கையோடு பயன்படுத்துகிறவன், ஆனால் இதற்கு வேறு சொல் இல்லை.

உயிர்பிழைத்தவர்கள் ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாமல் ஆட்களைப் புதைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். 1997-ல் மாநில அரசு ஆணையம் அமைத்தது, 2001-ல் அறிக்கை வந்தது, அப்போதும் தோண்டவில்லை. 2020 அக்டோபரில் தோண்டியபோது எளிய மரப்பெட்டிகள் வரிசையாகக் கிடைத்தன. எலும்புகளை ஆராய்ந்த மானுடவியலாளர் ஃபீபி ஸ்டபிள்ஃபீல்டின் பாட்டி முறை உறவினர் ஒருவரே அந்தத் தீயில் வீட்டை இழந்தவர்.

2024 ஜூலையில் முதல் பெயர் கிடைத்தது: சி. எல். டேனியல். ஜார்ஜியா மாநிலத்துக்காரர், முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். எலும்பிலிருந்து எடுத்த மரபணு அவருடைய சகோதரர்களின் வழிவந்தவர்களோடு ஒத்துப்போனது. 1921 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்திலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வேலை இல்லை, ஜார்ஜியாவில் இருக்கும் அம்மாவிடம் போய்ச்சேர உதவி வேண்டும் என்று கேட்கிறார். போகும் வழியில் டல்சா.

இன்னொரு கடிதம் 1936-ல் எழுதப்பட்டது. மகன் ராணுவத்தில் இருந்ததற்காகத் தனக்கு உதவித்தொகை வேண்டும் என்று அவருடைய தாய்க்காக ஒரு வழக்கறிஞர் அரசுக்கு எழுதியது. டேனியல் 1921-ல் டல்சாவில் நடந்த இனக்கலவரத்தில் கொல்லப்பட்டார் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாள் தேசிய ஆவணக்காப்பகத்தில், அவருடைய ராணுவக் கோப்புக்குள்ளேயே இருந்தது.